நீர் மாத்திரையை நிறுத்துமுன் பொட்டாசியம் பாருங்கள்
“படபடப்பு வந்தால் நீர் மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று நெஞ்சுப் படபடப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து திருத்துங்கள். இதயம் பலவீனமானவர், உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்யூரோசிமைடு என்ற நீர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நுரையீரலில் நீர் கோத்து, துடிப்பு இன்னும் கூடும்.

முதலில் பார்க்க வேண்டியது பொட்டாசியம். இந்த மாத்திரை உப்போடு பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டையும் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் துடிப்பு தாறுமாறாகலாம். டிஜாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் எளிதில் ஏறாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மாத்திரை தொடங்கியோ அளவு மாற்றியோ 1-2 வாரத்தில் இரண்டையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் சோதியுங்கள்.

மதுரையில் சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்து உடல் வற்றும். எழுந்ததும் தலைசுற்றி நெஞ்சு படபடத்தால் மருந்தளவு அதிகமாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். மாறாக, 2-3 நாளில் எடை 2 கிலோ கூடி கால் வீங்கினால் நீர் தேங்குகிறது என்று பொருள். அதனால் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதற்காக எல்லோருக்கும் அதைச் சொல்லாதீர்கள். பொட்டாசியத்தை உடலிலேயே தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் என்ற வேறு வகை நீர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் பொட்டாசியம் ஏறிவிடும், அதுவும் உயிருக்கு ஆபத்து. இருமலுக்கு அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் நேர்மாறாகப் பொட்டாசியம் இறங்கும்.

நாடியை 15 விநாடி எண்ணிப் பெருக்காமல் முழு 1 நிமிடம் எண்ணுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே 108.