தோற்றது யாருடைய பணம்?

ஓடாத ஒரு படத்தை எடுத்தவரின் நேற்றைய பேட்டியை இரண்டு முறை பார்த்தேன். போட்ட பணம் போனதைப் பற்றி அவர் சொன்னது இதுதான்: "கலைன்னா தோல்வியும் இருக்கும், பணம் போட்டவங்க புரிஞ்சுக்கணும்." எனக்கு ஒரே கேள்விதான். தோற்றது யாருடைய பணம்?

படம் ஓடாததில் எனக்குக் கோபமில்லை. எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சம்பளம் பட்ஜெட்டுக்குள்ளேயே இருந்தது. ரிலீஸுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. அதுவும் பட்ஜெட்டில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. செலவு ஏறினால் சம்பளமும் ஏறும். ஓடினால் லாபத்தில் பங்கு, ஓடாவிட்டால் போட்டவர் தலையில். அப்புறம் செலவைக் குறைக்க யாருக்கு மனசு வரும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

2005 வரை ஜெர்மனியில் வரிச்சலுகைக்காகப் பலரும் படநிதிகளில், அதாவது படம் எடுக்கப் பணம் திரட்டும் நிதிகளில், பணம் போட்டார்கள். அதில் பெரும்பகுதி ஹாலிவுட்டுக்குப் போனது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'முட்டாள் ஜெர்மன் பணம்'. வாங்கிச் செலவழித்தவர்கள் வைத்த பெயர்!

"பேராசைப்பட்டுப் போட்டால் போகத்தான் செய்யும்" என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். என் அப்பா ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் பாதியை நண்பரின் மகன் எடுத்த படத்தில் போட்டார். ஆசைப்பட்டு அல்ல, அந்தப் பையனை நம்பி. நிகர லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம். வரவேண்டியதை டைரியில் பென்சிலால் எழுதினார். வந்ததும் பேனாவால் எழுதலாம் என்றார்.

நிகர லாபம் வரவேயில்லை. அது வராதபடியே கணக்கு எழுத முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. உலகமெங்கும் வசூலைக் குவித்த ஒரு படத்துக்கே நிகர லாபம் இல்லை என்றது ஹாலிவுட் நிறுவனமான பாரமவுண்ட். அந்தப் படத்தின் கதை தன்னுடையது என்று எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் வழக்குப் போட்டார். நிகர லாபத்தில் பங்கு என்ற அவருடைய ஒப்பந்தத்தின் பல பகுதிகள் மனசாட்சிக்கு விரோதமானவை என்று 1990-ல் நீதிபதி சொன்னார். புக்வால்டுக்கு வக்கீல் இருந்தார். அப்பாவுக்கு டைரிதான் இருந்தது.

"இப்படிப் பேசினால் புதியவர்களுக்கு யார் பணம் தருவார்கள்?" சரி, நியாயமான கேள்வி. சம்பளத்தில் பாதியை வசூல் வந்தபின் எடுத்துக்கொள்ளட்டும், தருவார்கள். கணக்கைக் காட்டட்டும், தருவார்கள். குறைந்தபட்சம் ஒரு போன் செய்யட்டும். அப்பாவுக்கு அந்த ஒரு போன்கூட வரவில்லை.

அந்தப் பையனின் அடுத்த பட அறிவிப்பை அப்பா பேப்பரில்தான் படித்தார். எழுந்துபோய் டைரியை எடுத்து, அந்தப் பக்கத்தை ரப்பரால் அழித்தார். காகிதம் நைந்துபோகிற வரைக்கும் அழித்தார்.

அவரையா புரிந்துகொள்ளச் சொல்கிறீர்கள்?