பாட்டு வகுப்பில் படப்புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி ஊர் முழுவதும் சுற்றிவந்த அந்தப் புகைப்படத்தை நம் காரைக்குடி வட்டாரத்தில் பார்க்காதவர்கள் இனி இருக்கமாட்டார்கள் என்பதால், அதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. சுருதிப் பெட்டி மூடியிருக்கிறது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பாட்டு ஆசிரியையான நான் ஒரு படப்புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கிறேன். பாட்டு சொல்லித்தராமல் கதை படிக்கிறாள் என்ற குற்றத்தின் சாட்சியமாக இதை எடுத்துப் பகிர்ந்தவருக்கும், கீழே வரிசையாகச் சிரித்தவர்களுக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன்: அந்த நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்தது இசைப் பாடம். கதை நேரம் அல்ல, ஓய்வு நேரம் அல்ல, ஆசிரியைக்குத் தொண்டை சரியில்லாத நாளும் அல்ல.

கையில் இருந்த புத்தகம் ஹுவானா மார்ட்டினஸ்-நீல் எழுதி வரைந்து 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. அல்மா என்ற சிறுமிக்கு அவளுடைய நீளமான பெயர் பிடிக்கவில்லை. தாளில் எழுதினால் இடம் போதவில்லை. அவள் தந்தை, இது உன் பாட்டியின் பெயர், இது உன் கொள்ளுப்பாட்டியின் பெயர், இது உன் தாத்தாவின் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் உரியவரை எடுத்துச் சொல்லச் சொல்ல, பெயர் அவளுடையதாகிறது. இதை 'வெளிநாட்டுச் சரக்கு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மூத்த பேரனுக்கு ஐயா பெயரையும் பேத்திக்கு அப்பத்தா பெயரையும் வைக்கும் வழக்கம் இன்னும் மறையாத சீமையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையை அந்நியம் என்கிறவருக்கு நான் எதைச் சொல்லி விளங்கவைப்பது?

அந்தப் புத்தகத்தில் பெயர் வரும் இடங்களிலெல்லாம் நான் நிறுத்துவேன். பிள்ளைகள் அந்தப் பெயரை அசை பிரித்துக் கைதட்டிச் சொல்வார்கள். பிறகு அவர்களுடைய பெயர்களுக்கு வருவோம். (உண்மைப் பெயர்களை இங்கே எழுதவில்லை; அதே அளவில் தட்டு விழும் வேறு பெயர்களாக மாற்றியிருக்கிறேன்.) வள்ளியம்மை என்றால் நான்கு தட்டு, தாளச் சொல்லில் தகதிமி. சாத்தப்பன் என்றால் மூன்று, தகிட. மீனாவுக்கு இரண்டு, அன்வருக்கு இரண்டு. வள்ளியம்மை, மீனா, அன்வர் ஆகிய மூவரையும் அந்த வரிசையில் நிற்கவைத்துப் பெயர்களை விடாமல் சொல்லச் செய்தால், நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, பிள்ளைகளின் வாயிலேயே முழுமையாகிவிடுகிறது. மீனாவை முன்னால் நிறுத்தி வள்ளியம்மையை அடுத்து நிறுத்தினால் ஆறு எண்ணிக்கையில் ரூபக தாளம். சாத்தப்பனையும் வள்ளியம்மையையும் சேர்த்தால் மூன்றும் நான்கும் ஏழாகி மிஸ்ர சாபு தாளம். லகு, துருதம் என்று தாளத்தின் உறுப்புகளைக் கரும்பலகையில் எழுதி நான் அரை மணி நேரம் பேசினாலும் ஏழு வயதுக் குழந்தையின் காதில் ஏறாததை, தன் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காத்திருக்கும் பதற்றம் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடுகிறது. தாளத்தில் காத்திருக்கத் தெரிவதுதான் பாதிப் பாடம் என்பது பாட்டுக் கற்றவர்களுக்குத் தெரியும். புகைப்படம் எடுத்தவர் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால் அதையும் எடுத்திருக்கலாம். அது பகிர்வதற்கு அவ்வளவு சுவையாக இருந்திருக்காது என்பது வேறு.

இது என் கண்டுபிடிப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், குனில்ட் கேட்மன் ஆகியோர் வளர்த்த குழந்தை இசைக்கல்வி முறையில், பேச்சுத்தான் தாளத்தின் முதல் படி. பெயர்களைச் சொல்லித் தட்டுவது அங்கே மிகப் பழகிய தொடக்கப் பயிற்சி. ஹங்கேரியின் சோல்தான் கோடாய் வழியில் வந்தவர்கள், குழந்தைகள் ஒருவரையொருவர் இழுத்துக் கூப்பிடும்போது இயல்பாக இறங்கும் இரண்டு சுரங்களிலிருந்து பாட்டைத் தொடங்குகிறார்கள். நம் கர்நாடக இசைக் கணக்கில் அது பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்குவது. வளவு வீட்டின் பின்கட்டிலிருந்து முன்வாசலில் விளையாடும் பிள்ளையை ஓர் ஆச்சி கூப்பிடும்போது காது கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இறக்கம்தான் கேட்கும்.

'சரளி வரிசையை விட்டுவிட்டு இதென்ன விளையாட்டு' என்று கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சரளி வரிசை என்ற முதல் சுரப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் இருப்பதும் அதே அந்தர காந்தாரம்தான். பிள்ளை அந்தச் சுரத்தைத் தன் பெயரின் கடைசி எழுத்தில் ஏற்கனவே பிடித்து வைத்திருக்கிறது. நான் அதை வாங்கிச் சரளியில் வைக்கிறேன். சரளியை நான் விட்டுவிடவில்லை. அதற்குப் போகும் வழியில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொருவர் ஒரு படி மேலே போய், காரைக்குடி சகோதரர்கள் வீணை வாசித்த மண்ணில் பாட்டு வகுப்பு பொம்மைப் புத்தகத்தில் வந்து நிற்கிறதே என்று வருந்தியிருந்தார். அந்தச் சகோதரர்களான சுப்பராம ஐயரையும் சாம்பசிவ ஐயரையும் இந்த ஊர் நினைவில் வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. வருந்தியவர் வீட்டுப் பிள்ளை கற்பது கீபோர்டு, அதுவும் சினிமாப் பாட்டுக்கு மட்டும் என்பதை நான் இங்கே எழுதியிருக்கக் கூடாது, எழுதிவிட்டேன். மண்ணின் பெருமை என்று பேசுவதானால் பக்கத்து ராயவரத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்த அழ. வள்ளியப்பாவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடு அழைத்த அவருடைய பாட்டுகளில் எத்தனை கதைகள்! கதை ஒரு பீரியடு, பாட்டு வேறு பீரியடு என்று அவருக்கு யாரும் நேர அட்டவணை கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பதிவேட்டில் அவனுக்கு ஐயாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கப்படி அவன் தாயார் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாததால் வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை. அவன் எல்லோருக்கும் 'ராசா'தான். வகுப்பில் அவன் பெயரைப் பாடி நிறுத்தினேன், பதில் பாட வேண்டிய பிள்ளை தன்னை இல்லை என்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது கேட்பதில் குறை இருக்குமோ என்றுகூட அலுவலக அறையில் பேசினார்கள். குறை காதில் இல்லை. அந்தப் பெயர் அவனை நோக்கி ஒலித்ததே இல்லை. கண்ணதாசன்கூடச் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, காரைக்குடிக்குச் சுவீகாரம் வந்து நாராயணன் ஆனவர். இங்கே ஒருவருக்கு இரண்டு பெயர் இருப்பது அதிசயமில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யாராவது சொல்ல வேண்டுமே. அல்மாவின் கதையைப் படித்த வாரத்தில்தான் அவன் வீட்டுக்குப் போய் ஐயாவைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அடுத்த வகுப்பில் தன் பெயரை மத்திமத்தில் எடுத்து மேலே கொண்டுபோய்விட்டான், சுருதி விலகாமல். இசையில் அவனுக்கு இருந்த தடை எது என்று இப்போது சிரித்தவர்கள் சொல்லட்டும்.

கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் சௌரப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அவனைச் 'சவரம்' என்று கூப்பிட்டார்கள், பிள்ளைகள் அப்படித்தான். நான் அறிவுரை சொல்லவில்லை. கெவின் ஹெங்கஸ் 1991இல் எழுதிய, பூவின் பெயர் கொண்ட எலிக்குட்டியை வகுப்பே கேலி செய்யும் கதையைப் படித்தேன். அந்தக் கதையில் நிலைமையை மாற்றுகிறவர், தானும் ஒரு நீளமான பூப்பெயரைச் சுமக்கும் இசை ஆசிரியை! பிறகு சௌரப்பையே நடுவில் நிறுத்தி, உன் பெயரை வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். அவன் சொன்ன கடைசி எழுத்தில் இருந்த மூச்சு நம் எழுத்தில் இல்லை. அதைப் பிடிக்கப் பிள்ளைகள் முயன்ற முயற்சியைப் போன்ற குரல் பயிற்சியை எந்தப் பாடநூலும் எனக்குத் தந்ததில்லை. பெயரைச் சரியாகக் கேட்கும் காதுதான் சுரத்தையும் சரியாகக் கேட்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

பக்கத்து வகுப்புக்குச் சத்தம் என்பவர்களுக்கு: ஆம், சத்தம்தான், பாட்டு வகுப்பு.

ஒரே ஒரு எதிர்வினை மட்டும் என்னை யோசிக்கவைத்தது. நம் பக்கத்தில் பெயரும் அதன் முன்னே நிற்கும், விலாசம் எனப்படும் குடும்ப எழுத்துகளும் ஒருவர் எந்த வீடு, எந்தச் சாதி என்பதைச் சொல்லிவிடுகின்றன. அப்படியிருக்க, பெயர் வந்த கதையைக் குழந்தையிடம் கேட்பது, பெருமை பேச வீடு உள்ள பிள்ளைக்கு மேடையாகவும் இல்லாத பிள்ளைக்குத் தண்டனையாகவும் ஆகாதா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் விலாசத்தையும் முதலெழுத்தையும் வகுப்புக்குள் விடுவதில்லை, கூப்பிடும் பெயரை மட்டும் எடுக்கிறேன். கதை சொல்ல விரும்பும் பிள்ளை மட்டும் சொல்கிறது. இது போதுமான பதில் அல்ல என்பது எனக்கே தெரிகிறது, ஆனால் பெயர்களைப் பேசாமல் விட்டால் சாதி பேசாமல் போய்விடும் என்பதையும் நான் நம்பவில்லை. மற்றவர்களும் இந்தத் தோழியைப் போலக் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன்.

ஏனென்றால் வலித்தது கேள்வி அல்ல. அந்தப் புகைப்படத்தின் கீழே அத்தனை பேர் எழுதியிருந்தார்கள். 'பாட்டு டீச்சர்', 'அந்தம்மா', 'அது யாரு, புதுசா?' என்றெல்லாம் இருந்தது. ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாடும்போது திரைக்குப் பின்னால் சுருதி பிடித்துக்கொண்டு நின்றவளின் பெயர் அழைப்பிதழில் அச்சானதில்லை என்பதை நான் பெரிதாக நினைத்ததில்லை. கணக்குத் தேர்வு வந்தால் என் பீரியடு பறிபோவதையும் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன். ஒருவரைக் குறை சொல்லும்போதாவது பெயர் சொல்லலாம். பெயருக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்குப் பெயரின் அருமை தெரியாததில் வியப்பில்லை.

அடுத்த வகுப்பில் ஜமீலா தாம்ப்கின்ஸ்-பிகலோ 2020இல் எழுதிய, ஆசிரியைக்கு வாயில் நுழையாத பெயர் கொண்ட சிறுமியின் கதையைப் படிக்கப் போகிறேன். சுருதிப் பெட்டி முதல் பாதியில் மூடித்தான் இருக்கும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் நேரம் தெரிந்துகொண்டு வரலாம். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: உங்கள் பிள்ளையின் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே ஒரு குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். எழுதி அனுப்ப வேண்டாம், எழுதியது பதிவேட்டிலேயே இருக்கிறது. கடையில் இருக்கும் தந்தையர் கடை அடைத்த பிறகு அனுப்பினாலும் போதும். ஆனால் பிள்ளையைக் கூப்பிடும் குரலில் சொல்ல வேண்டும், வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் வேண்டாம்.