ஆற்று இறால் கரையேறுவது அதிர்ஷ்டம் இல்லை

மலேசியாவில், சிலாங்கூர் ஆற்றங்கரை ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் தோட்டத்துச் சனங்களுக்கு அது இன்னும் பெர்ஜுந்தைதான்) எப்போதாவது வாட்ஸ்அப்பில் ஒரு சேதி பறக்கும். "ஊடாங் காலா கரைக்கு வந்திருச்சு, வாளி எடுத்துட்டு ஓடியாங்க." ஊடாங் காலா என்பது பெரிய ஆற்று இறால். அரை மணி நேரத்தில் ஆற்றங்கரை நிரம்பிவிடும். தூண்டில் வேண்டாம், தூரி வேண்டாம், கையாலேயே அள்ளலாம். சந்தோஷமாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

ஊடாங் காலா இரவில் நடமாடுகிற பிராணி. பகலில் ஆற்றின் அடியில், வேருக்கும் கல்லுக்கும் நடுவில் பதுங்கியிருக்கும். அது பட்டப்பகலில் வேரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மட்டத்துக்கு வந்து, கை நீட்டினாலும் ஓடாமல் கிடக்கிறது என்றால், அடியில் மூச்சுவிட முடியவில்லை என்று அர்த்தம். ஆட்களைக் கண்டு பயப்படக்கூட அதற்குத் தெம்பு இல்லை. நாம் அள்ளுவது மூச்சுத் திணறுகிற உயிரை. அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று தெரியாமலே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம்.

இதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே இல்லை. மேலே ரவாங் பக்கத்துத் தொழிற்சாலைகள், தாமான்களின் (குடியிருப்புகளின்) சாக்கடை, பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைத் தண்ணீர் எல்லாம் இந்த ஆற்றில்தான் சேரும். ஆனால் தோட்டத்துக்காரன் என்பதால் செம்பனை எண்ணெய் ஆலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய 2.5 முதல் 3.5 டன் வரை கழிவுநீர் வரும். அதை மக்க வைக்கிற கிருமிகள் தண்ணீரிலிருந்து உறிஞ்சும் ஆக்ஸிஜன், சுத்திகரிக்காத நிலையில், லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1984 முதல் சட்டம் அனுமதிப்பது 100. இந்த இடைவெளியை அடைப்பது வரிசையாக இருக்கிற கழிவுக் குளங்கள்தான். குளத்தைத் தூர் வாராமல் விட்டு, நாலு நாள் அடைமழை பெய்து கரை வழிந்தால் என்ன ஆகும்? ஆலையை மூடு என்று நான் சொல்லவில்லை, அங்கே வேலை பார்ப்பது நம் ஆட்கள்தான். குளத்தை ஒழுங்காகப் பராமரி என்கிறேன்.

சரி, தண்ணீர் கடலுக்குப் போய்விடும், அதோடு தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. முட்டை சுமக்கிற பெண் இறால் கோலசிலாங்கூர் முகத்துவாரம் பக்கம் இறங்கித்தான் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்கு உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும், வெறும் ஆற்றுத் தண்ணீரில் சில நாளில் செத்துவிடும். கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் மேலே ஏறி வரும். ஆகவே கீழே முகத்துவாரம் கெட்டால் மேலே நம் ஊரில் இறால் இல்லை, நடுவில் ஆறு கெட்டால் முகத்துவாரத்துக்குத் தாய் இறால் போய்ச் சேராது.

இதே ஆற்றங்கரையில் இருக்கிற கம்போங் குவாந்தான் மின்மினிகளும் இதே கதைதான். பெரெம்பாங் மரத்தில் ஒரே தாளத்தில் மின்னுவதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். அதன் புழுக்கள் ஆற்றோரத்து ஈர மண்ணில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரை மண்ணும் நத்தையும் போனால் மரம் நின்றும் பயனில்லை. ஆண் பூச்சி மின்னுவதே ஜோடியை அழைக்கத்தான், கரையோரம் பளீரென்று விளக்குப் போட்டால் அந்த அழைப்பு எடுபடாமல் போகிறது. வெளிச்சமும் மாசுதான். முகத்துவாரச் சேற்றில் கெராங் (சிப்பி வகை) என்ன செய்கிறது என்று யாராவது பார்க்கிறோமா? தண்ணீர் கெட்டால் ஓடுகளை இறுக மூடிக்கொள்ளும், மூடியிருக்கும்வரை தின்னாது, வளராது.

எனக்குக் கோபம் இங்கேதான். மீன் செத்து மிதந்தால்தான் மாசு என்று நம்புகிறோம். ஆனால் பிராணிகள் சாவதற்கு ரொம்ப நாள் முன்பே நடவடிக்கையை மாற்றிக்கொள்கின்றன: பதுங்குவதில்லை, தின்பதில்லை, துணை தேடுவதில்லை. செம்பு மிகக் கொஞ்சம் கலந்தாலே சால்மன் மீனுக்கு மோப்பம் மங்கி, எதிரி வருவதே தெரியாமல் போகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். பிணத்தை மட்டும் எண்ணுகிற கணக்கில் இது எதுவும் வராது. 2020 செப்டம்பரில் இதே ஆற்றில் கரைப்பான் கழிவு கலந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குக் குழாய்த் தண்ணீர் நின்றபோது நாடே பேசியது, பேச வேண்டியதுதான். முகத்துவாரத்துக்காக அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த தடவை இறால் கரைக்கு வந்தால் தயவுசெய்து அள்ளாதீர்கள், விற்றால் வாங்காதீர்கள். இடம், நேரம், தண்ணீர் நிறம் தெரிகிற மாதிரி படம் எடுத்துச் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே புகார் கொடுங்கள். துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ராத்திரியானாலும் வந்து மாதிரி எடுங்கள், பாலத்தடியில் மட்டும் இல்லாமல் முகத்துவாரத்திலும் எடுங்கள். விடிந்து அலுவலகம் திறப்பதற்குள் தண்ணீர் இறங்கி எல்லாவற்றையும் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும், அப்புறம் எந்தப் பாட்டிலில் பிடித்தாலும் சோதனையில் ஒன்றும் அகப்படாது.