முகத்துக்குக் கீழேயும் பார்க்க வேண்டும்

17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உயர்குடிப் பெண்களின் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட உருவப்படங்களை அழகின் காட்சியாக மட்டுமே நான் வாசித்த ஒரு கட்டுரை அணுகியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. முட்டைவடிவச் சட்டத்துக்கு அடியில் பொறிக்கப்படும் பெயர், பட்டங்கள், குலச்சின்னம் ஆகியவற்றையும் சேர்த்தே இப்படங்களைப் படிக்க வேண்டும். மணமான பெண்ணுக்குக் கணவர் குடும்பத்தின் சின்னம் தாங்கிய கேடயமும் பிறந்த வீட்டின் கேடயமும் அருகருகே இடம்பெறும், கைம்பெண் என்றால் முடிச்சிட்ட கயிறு அவற்றைச் சூழ்ந்திருப்பதும் உண்டு. குடும்பங்களின் உறவையும் தகுதியையும் ஊரறியச் சொன்ன ஆவணங்கள் இவை.

கலைஞர்களின் திறனுக்கும் கட்டுரையில் போதிய இடம் கிடைக்கவில்லை. 1660-இல் பிரெஞ்சு அரசர் 14-ஆம் லூயி செதுக்குக்கலையைக் கைவினைஞர் குழுக்களின் கட்டுகளுக்கு அப்பாற்பட்ட சுதந்திரக் கலையாக அறிவித்தார். அதே ஆண்டில் செதுக்குக் கலைஞர் ரொபேர் நாந்தேய், ஓவியர் மிஞாரின் ஓவியத்தைப் பின்பற்றி, அரசரின் தாயார் ஆன் அவர்களின் உருவத்தைச் செதுக்கினார். வண்ணமே இல்லாமல், கோடுகளின் தடிப்பையும் நெருக்கத்தையும் மாற்றியே கன்னத்தின் மென்மையையும் துணியின் கனத்தையும் வேறுபடுத்திக் காட்டும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்கப் பார்க்க வியப்பு அடங்குவதில்லை.

நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் சேன் ழாக் தெருவில் பொன்னார் குடும்பத்தார் விற்ற படங்களோ வேறு வகை: சீமாட்டியின் பெயர் இருக்கும், ஆடையின் மடிப்பும் சரிகையும் நுணுக்கமாக இருக்கும், முகம் மட்டும் பெரும்பாலும் பொதுவானதாகவே இருக்கும். இவ்விரு வகைகளையும் கட்டுரையாளர் பிரித்துப் பேசியிருக்க வேண்டும்.