சிவப்புதான் பெண், பச்சைதான் ஆண்

"பளிச்சென்ற நிறம் எப்போதும் ஆணுக்குத்தான், அதனால் எக்லெக்டஸ் கிளியில் சிவப்பு ஆண், பச்சை பெண்" என்று 'ஜோடிக்கிளி' என்ற உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிளியில் அது நேர் தலைகீழ். உடம்பெல்லாம் பச்சையும் ஆரஞ்சு மூக்கும் ஆணுக்கு. சிவப்பும் நீலமும் கறுப்பு மூக்கும் பெண்ணுக்கு. 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்களே இரண்டையும் வெவ்வேறு இனம் என்று நம்பியிருந்தார்கள், ஆகவே குழப்பம் வருவது சகஜம்தான்.

இப்படி நிறம் மாறியிருக்கக் காரணம் மரப்பொந்து. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் காட்டில் பறவை ஆய்வாளர் ராபர்ட் ஹைன்சோன் குழு பல வருடம் கவனித்தது. முட்டையிட, மழைத்தண்ணீர் புகாத நல்ல பொந்து அங்கே அரிது. பெண் வருடத்தில் பெரும்பகுதி பொந்தைவிட்டு நகராது. 'இது என் இடம்' என்று மற்ற பெண்களுக்குத் தூரத்திலிருந்தே காட்டுவது அந்தச் சிவப்பு. சண்டை வந்தால் சாவு வரைகூடப் போகும். ஆபத்து என்றால் பொந்துக்குள் புகுந்துவிடலாம், ஒளிந்துகொள்ளும் நிறம் தேவையில்லை. இரை தேடி அலைவது ஆண்தான். வல்லூறின் கண்ணில் படாமலிருக்க அதற்குப் பச்சை வேண்டும். அப்புறம், ஒரே பெண்ணுக்குப் பல ஆண்கள் இரை கொண்டுவந்து ஊட்டுவதும் உண்டு. 'ஜோடிக்கிளி' என்று போட்ட தலைப்பையும் ஒருமுறை யோசியுங்கள்!