பண்டிகைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஒருவரோடு நட்பு வேண்டுமென்றால் அவரைச் சாதாரண வேலைநாள் ராத்திரியில் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அன்று அடுப்பில் என்ன இருக்கிறதோ அதைப் போடுங்கள், போதும்.

பண்டிகை விருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பது பேர் கூடும் இடத்தில் யாரும் யாரோடும் உட்கார்ந்து பேச முடிவதில்லை. வாங்க வாங்க என்று வரவேற்று, பரிமாறி, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது. கூப்பிட்டவருக்கோ அடுத்த இரண்டு நாள் இடுப்பு நிமிராது. வீட்டை ஒழுங்குபண்ண வேண்டும், வகைவகையாகச் சமைக்க வேண்டும் என்ற மலைப்பிலேயே எத்தனையோ பேர் அப்புறம் யாரையும் கூப்பிடாமல் இருந்துவிடுகிறார்கள்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அண்மையில் ஊர் மாறி வந்தவர்களிடமும், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களிடமும் கேட்டு எழுதியது. தெரிந்த முகம் ஓரளவு நண்பராக ஆவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறதாம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். அதிலும், வேலையிடத்தில் பக்கத்தில் இருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் வரவில்லை. இப்போது நம் வாழ்க்கையை வைத்துப் பாருங்கள். வருஷத்துக்கு நாலு விருந்து, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம் என்றால் 200-ஐத் தொட 12 வருஷத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் என்றால் ஒன்றேகால் வருஷத்தில் தொட்டுவிடலாம். வெளிநாட்டு வேலையில் யாருக்கு 12 வருஷம் ஒரே ஊரில் கிடைக்கிறது?

எங்கள் வீட்டுக்கு வாரம் தவறாமல் வரும் தோழி ஒருத்தி இருக்கிறாள். முதல் தடவை நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போதும் போதும் என்று தட்டை மறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். கொஞ்ச நாளில், கரண்டி எங்கே என்று கேட்காமல் தானே டிராயரைத் திறந்து எடுத்தாள். அப்படி ஒரு ராத்திரி, நான் கழுவிக் கொடுத்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஊரில் அப்பாவுக்கு எடுத்த ஸ்கேன் ரிசல்ட் வந்திருப்பதைச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியை அவளால் முப்பது பேர் கூட்டத்தில் சொல்லியிருக்க முடியுமா?

பண்டிகையில் வேறு ஒரு பாடு இருக்கிறது. நம் பண்டிகை பெரும்பாலும் இங்கே வேலைநாளில் வந்து தொலைக்கும். வேலை முடிந்து வந்து போன் போட்டால் ஊரில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். இந்த நாட்டின் பெரிய பண்டிகையன்று நிலைமை தலைகீழ். கடை கிடையாது, பஸ் குறைவு, ஆபீஸ் சகாக்கள் அவரவர் குடும்பத்தோடு. தனி அறையில் இருப்பவருக்கு அன்றைய பகல் முடியவே முடியாது. அவரைக் கூப்பிட வேண்டிய நாள் அதுதான். அதே மாதிரி, இந்த ஊர்க்காரர் யாராவது தன் வீட்டுப் பண்டிகைக்கு உங்களைக் கூப்பிட்டால், அவர்கள் குடும்பத்துக்கு நடுவில் நாம் எதற்கு என்று ஒதுங்காதீர்கள். வேண்டாதவரை யாரும் அந்த நாளில் கூப்பிட மாட்டார்கள்.

ஒவ்வொருவரும் ஒன்று சமைத்து எடுத்து வருவது நல்ல வழக்கம். ஆனால் எல்லோரும் சாப்பிடக்கூடிய பண்டம் ஒன்றாவது மேஜையில் இருக்கட்டும். கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரே பண்டத்தைச் சாப்பிடக் கொடுத்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் கூடுதலாக நம்பியதைக் கண்டார்கள். அதற்காக, ஒருவர் சாப்பிடாததை வற்புறுத்தித் திணிப்பது பாசம் ஆகாது. முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் மரியாதை.

இன்னொன்றையும் கறாராகச் சொல்கிறேன். எல்லா வாரமும் ஒரே வீடு, அடுப்படியில் அதே பெண் என்று இருந்தால் அந்தக் கூட்டம் நிலைக்காது; நிலைக்கவும் கூடாது. வீடு மாறி வீடு போகட்டும். சமையலறை இல்லாத அறையில் இருப்பவர் காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். ஆண்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து அரசியல் பேச, பெண்கள் பரிமாறுவதை நாடு விட்டு நாடு சுமந்து வந்திருக்கிறோம். அதை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

எப்படியும் போய்விடுவார்கள், எதற்கு இவ்வளவு ஒட்டுதல் என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். விசா முடியும், வேலை மாறும், ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வர வேண்டியிருக்கும். எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் கிளம்பினார் என்பதற்காக அந்தக் கிழமையைக் கைவிட எனக்கு மனம் வருவதில்லை. அடுத்த வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர் டப்பாவைத் திறந்து, கணினித் திரையைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் போய், ‘உங்களுக்கு என்னவெல்லாம் ஆகாது?’ என்று கேட்டுவிட்டு, வீட்டு முகவரியை அனுப்பிவிடுவேன்.