ஆரோக்கியமான எலியிலும் ஹன்டா வைரஸ் இருக்கலாம்

"எலி நன்றாக ஓடித் திரிந்தால் அதில் ஹன்டா கிடையாது, கடித்தால்தான் ஆபத்து" என்று சிலர் சொல்கிறார்களே, இரண்டுமே தவறு. எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இந்த வைரஸ் எலியைப் பெரும்பாலும் நோயாளி ஆக்குவதில்லை. தொற்றிய எலி பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக மாதக்கணக்கில் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அது காய்ந்து தூசியோடு கிளம்பும்போது நாம் மூச்சில் இழுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் தொற்றுவது இப்படித்தான், கடித்துப் பரவுவது அபூர்வம். 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில் திடகாத்திரமான இளைஞர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறந்தபோது, தேடிப்போனவர்கள் வைரஸைக் கண்டது மான் எலி (deer mouse) என்ற வட அமெரிக்கக் காட்டெலிகளிடம். எல்லா எலியிலும் இருக்காது என்பது சரி. அதற்காக அடைத்துக் கிடந்த அறையில் புழுக்கையைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள், தயவுசெய்து. கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, கையுறை போட்டு, ப்ளீச் கரைசலில் 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

அப்புறம், "மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவவே பரவாது" என்பதும் முழு உண்மை இல்லை. ஹன்டாவின் மற்ற வகைகளுக்குப் பொருந்தும், தென் அமெரிக்காவில் காணப்படும் ஆண்டிஸ் வகைக்குப் பொருந்தாது: அர்ஜென்டினாவின் எபுயென் ஊரில் 2018-19இல் அப்படிப் பரவி 34 பேருக்குத் தொற்றியது, 11 பேர் இறந்தார்கள்.